ஆறு வேட்டும் வெடிக்க வேண்டும்

திருவிழாவில் வேட்டுப் போட்டு ஓய்ந்த இரும்புக் குழாயை மறுநாள் விடியற்காலையில் தொட்டால் விரல் கறுக்கும், கூடவே பிசுபிசுக்கும். ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அழுகிய முட்டை வாடை அடிக்கும். பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் பங்குனிப் பொங்கல் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்த வாடைதான். உச்சி வெயிலில் அந்தக் கரி காய்ந்து இறுகிக் கிடக்கும். விடிவதற்குள் மறுபடி கசியத் தொடங்கும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கேட்கவே வேண்டாம், நாள் முழுக்கக் கசிவுதான்.

வெடிமருந்து எரிந்தபின் மிஞ்சும் இந்த அழுக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கைத்துப்பாக்கிகளை முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடாய்ப் படுத்தியிருக்கிறது. துப்பாக்கி தவறாமல் சுட வேண்டும் என்று நடந்த போராட்டத்தில் வேதியியலும் இருக்கிறது, இயந்திரவியலும் இருக்கிறது, மெட்ராஸ் சிப்பாய்களின் ரத்தமும் இருக்கிறது.

முதலில் கருவியைப் பார்ப்போம். உரிமம் வாங்கி நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்த விவசாயிகளைக் கேட்டால் கதையில் பாதியைச் சொல்லிவிடுவார்கள். குழலின் வாய்வழியாக மருந்தைக் கொட்டுவார்கள், கம்பியால் கெட்டிப்பார்கள், ரவையைப் போட்டு அடைப்பார்கள். பின்பக்கம் துருத்தி நிற்கும் சிறிய முனையில் செம்பாலான கேப்பை மாட்டுவார்கள். விசையை இழுத்தால் குதிரை வந்து கேப்பை அடிக்கும். கேப்பில் இருக்கும் துளி மருந்து அடிபட்டதும் தீப்பிடிக்கும். அந்தத் தீ முனையின் நடுவே உள்ள துளை வழியாக உள்ளே பாய்ந்து பெரிய மருந்தைப் பற்றவைக்கும். கேப் ரிவால்வரும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஒரு குழலுக்குப் பின்னால் சுழலும் உருளை, அதில் ஐந்து அல்லது ஆறு அறைகள், ஒவ்வோர் அறைக்கும் தனி மருந்து, தனி ஈயக்குண்டு, தனி முனை, தனி கேப். குதிரையைப் பின்னால் இழுக்கும்போது உருளை ஓர் அறை நகர்ந்து குழலுக்கு நேரே வந்து நிற்கும்.

ஆறு அறையையும் நிரப்பிவிட்டால் ஆறும் வெடிக்குமா? நம்பகத்தன்மை என்று பொறியாளர்கள் சொல்வது இந்தக் கேள்வியைத்தான்.

கேப் வருவதற்கு முன்பு நிலைமை எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் அந்தச் சின்னச் செம்புத் தொப்பியின் அருமை புரியும். பாஞ்சாலங்குறிச்சிப் போர்கள் நடந்த 1799–1801 காலத்தில் பாளையக்காரர் படைகளிடம் வல்லயமும் திரித்துப்பாக்கியும் இருந்தன. கம்பெனிப் படையிடம் இருந்தது சக்கிமுக்கித் துப்பாக்கி. சக்கிமுக்கிக் கல் எஃகில் உரசிப் பொறி பறக்கும். அந்தப் பொறி வெளியே திறந்த கிண்ணியில் கிடக்கும் மருந்தில் விழ வேண்டும். காற்றடித்தால் பொறி பறந்துவிடும். தூறல் விழுந்தால் மருந்து நமுத்துவிடும்.

இதற்கு மெட்ராஸ் படை கொடுத்த விலை பதிவாகியிருக்கிறது. முதல் அபினிப் போரின்போது, 1841 மே 30 அன்று, சீனாவின் கான்டன் நகருக்கு வெளியே சான்யுவான்லி என்ற ஊர்ப்பக்கம் 37-ஆவது மெட்ராஸ் காலாட்படையின் ஒரு கம்பெனி, பெருமழையில் மற்றப் படைகளோடு தொடர்பு அறுந்து தனித்துப் போனது. லெப்டினன்ட் ஹாட்ஃபீல்டு தலைமையில் இருந்த அந்தச் சிப்பாய்களை ஆயிரக்கணக்கான சீனக் கிராமத்தார் ஈட்டியும் வாளுமாகச் சூழ்ந்துகொண்டார்கள். சிப்பாய்களின் சக்கிமுக்கித் துப்பாக்கிகள் மழையில் ஊமையாகிவிட்டன. சதுர வியூகம் வகுத்து, துப்பாக்கி முனைக் கத்தியால்தான் எதிரிகளைத் தடுத்து நிறுத்தினார்கள். நனைந்த மருந்தைக் கழுவி எடுத்து, உடம்பில் நனையாமல் மிஞ்சியிருந்த தலைப்பாகையின் உட்துணியால் குழலைத் துடைத்து, சில துப்பாக்கிகளையாவது சுட வைத்தார்கள். அவர்களைத் தேடி இரவில் அனுப்பப்பட்ட கடற்படைக் காலாட்களின் இரண்டு கம்பெனிகளிடம் இருந்தவை கேப் துப்பாக்கிகள். அவை மழையிலும் சுட்டன, முற்றுகை கலைந்தது. அந்த ஒரு ராத்திரியில், ஒரே மழையில், இரண்டு தொழில்நுட்பங்களும் அருகருகே சோதிக்கப்பட்டுவிட்டன. எந்த ஆய்வுக்கூடத்திலும் இதைவிடக் கடுமையான சோதனை நடந்திருக்காது.

ஆய்வுக்கூடச் சோதனை அதற்கு முன்பே நடந்திருந்தது என்பதுதான் வேதனை. 1834-இல் இங்கிலாந்தின் உல்விச்சில் இரண்டு வகைத் துப்பாக்கிகளையும் எல்லா வானிலையிலும் ஆறாயிரம் முறை சுட்டுப் பார்த்தார்கள். சக்கிமுக்கி 922 முறை சுடவில்லை. கேப் சுடத் தவறியது 36 முறைதான். ஏழு ஆண்டுகள் கழித்தும் மெட்ராஸ் சிப்பாயின் கைக்கு அந்த முடிவு வந்து சேரவில்லை.

இந்த எண்களை வைத்து நாமே ஒரு கணக்குப் போடலாம். சக்கிமுக்கி ஒருமுறை சுடும் வாய்ப்பு சுமார் 85 சதவீதம். கேட்கப் பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் ஆறு அறையும் தவறாமல் சுட வேண்டுமென்றால் அந்த எண்ணை ஆறுமுறை தன்னோடு பெருக்க வேண்டும். விடை 37 சதவீதம்தான். கேப்புக்கு ஒருமுறைக்கான வாய்ப்பு 99.4 சதவீதம், ஆறுமுறை பெருக்கினால் 96 சதவீதம் கிடைக்கும். சக்கிமுக்கியிலும் சுழல்துப்பாக்கி செய்து பார்த்தவர்கள் உண்டு. எலிஷா காலியர் 1818-இல் அதற்குக் காப்புரிமையே வாங்கினார். அது பரவாமல் போனதற்கு விலை, நுணுக்கமான வேலைப்பாடு என்று பல காரணங்கள் உண்டு. என்னைக் கேட்டால் இந்த 37 சதவீதம் ஒன்றே போதும்.

கேப்பின் பின்கதை சுருக்கமானது. எட்வர்டு ஹோவர்டு என்ற ஆங்கில வேதியியலாளர் 1800-இல் பாதரச ஃபல்மினேட்டைப் பற்றி எழுதினார். தட்டினாலே வெடிக்கும் உப்பு அது. ஸ்காட்லாந்தில் பாதிரியாராக இருந்த அலெக்சாண்டர் ஃபோர்சைத், தட்டினால் பற்றும் மருந்தைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தும் முறைக்கு 1807-இல் காப்புரிமை வாங்கினார். அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் அந்த மருந்து செம்புத் தொப்பிக்குள் அடைக்கப்பட்டுவிட்டது. சாமுவேல் கோல்ட் என்ற பதினாறு வயதுப் பையன் 1830-இல் பாஸ்டனிலிருந்து ‘கோர்வோ’ கப்பலில் ஏறியது கல்கத்தாவுக்கு. அந்தப் பயணத்தில் சுழலும் உருளையின் மாதிரியை மரத்தில் செதுக்கினான். 1836-இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினான். அவனுடைய நிறுவனத்தின் 1851 ‘நேவி’ மாடல்தான் கேப் ரிவால்வர்களில் பேர்போனது.

இனி விஷயத்துக்கு வருவோம். கேப் ரிவால்வரில் கோளாறு இரண்டு வகை. ஓர் அறை சுடாமல் போவது ஒன்று. உருளையே சுழலாமல் சிக்கிக்கொள்வது மற்றொன்று. ஒற்றைக் குழல் துப்பாக்கி சுடாவிட்டால் எல்லாம் முடிந்தது. ரிவால்வரில் அப்படியல்ல, குதிரையை மறுபடி இழுத்தால் அடுத்த அறை வந்து நிற்கும், நஷ்டம் ஒரு வேட்டு மட்டுமே. உருளை சிக்கிக்கொண்டால்தான் மிச்சமுள்ள அத்தனை வேட்டும் வீண். ஆகவே ரிவால்வரை நம்பகமாக்க விரும்புகிறவர் முதலில் கவனிக்க வேண்டியது சிக்கலைத்தான். பலரும் மருந்து சரியில்லை, கேப் சரியில்லை என்றே தேடிக்கொண்டிருப்பார்கள்; குற்றவாளி வேறெங்கோ இருப்பான்.

எங்கே என்று பார்க்க, சுட்ட கேப் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அரிசிமணியைவிடச் சற்றே பெரிய செம்புத் தொப்பி. சுடுவதற்கு முன் வழவழவென்று முழுசாக இருந்தது, இப்போது ஓரம் நான்காகப் பிளந்து விரிந்திருக்கும். ஒரு இதழ் முழுசாகப் பிய்ந்தே போயிருக்கும். பிய்ந்த துணுக்கு எங்கே? குதிரையைப் பின்னால் இழுத்த கணத்தில் அது குதிரைக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள பிளவில் விழுந்திருக்கும். அடுத்தமுறை குதிரை பாயும்போது அந்தத் துணுக்கின் மேல் மோதி, கேப்பைத் தொடாமல் பாதியில் நிற்கும். அல்லது துணுக்கு இன்னும் கீழே இறங்கி உருளையைச் சுழற்றும் நெம்புகோலுக்குள் சிக்கும். ஒரு கிராமில் மிகச் சிறு பங்குகூட எடை தேறாத செம்புத் தகடு ஒரு கிலோவுக்கும் அதிகமான துப்பாக்கியை நிறுத்திவிடும். அந்தக் காலத்தவர்கள் ஒவ்வொரு வேட்டுக்கும் பிறகு துப்பாக்கியை வானத்தைப் பார்க்கத் தூக்கிக் குதிரையை இழுத்தது இதனால்தான். மேல்நோக்கி இருந்தால் துணுக்கு பின்னால் விழுந்து வெளியேறிவிடும். படத்தில் பார்க்கும்போது வீறாப்பாகத் தெரியும் அந்த அசைவுக்குப் பின்னால் புவியீர்ப்பு விசையைத் துணைக்குக் கூப்பிடும் கணக்கு இருக்கிறது.

கேப் ஏன் பிளக்கிறது? அதன் சொந்த வெடிப்பு ஒரு காரணம். பெரிய காரணம், அறைக்குள் மருந்து எரியும்போது எழும் அழுத்த வாயு தீத்துளை வழியாகப் பின்னோக்கிப் பாய்வது. அது குதிரையையே சற்றுத் தூக்கிவிடும். குதிரை தூக்கப்பட்டால் கேப்பைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை. தீர்வு துளையில் இருக்கிறது. துளையின் பரப்பு விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. தேய்ந்து ஒரு மில்லிமீட்டர் ஆன துளைக்குப் பதில் 0.7 மில்லிமீட்டர் துளையுள்ள புது முனை மாட்டினால் பரப்பு பாதியாகிவிடும். பின்னால் பாயும் வாயுவும் ஏறத்தாழ அதே அளவில் குறையும். கேப்பின் தீ உள்ளே போவதற்கு அந்தத் துளை தாராளமாகப் போதும். முனைகளைத் திருகிக் கழற்றி மாற்றும்படி செய்திருந்தது சாதாரணமாகத் தெரியலாம், ஆனால் இந்தத் துப்பாக்கியின் ஆயுளை நீட்டித்ததே அதுதான். கூடவே குதிரையின் வில் தளராமல் இருக்க வேண்டும். வலுவான வில், குதிரையை அழுத்திப் பிடித்துக் கேப்பைக் காக்கும்.

‘முதல் அடியில் சுடவில்லை, இரண்டாம் அடியில் சுட்டது’ என்று ஒரு புகார் உண்டு. கேட்ட உடனே வில் பலவீனம் என்று தோன்றும். பெரும்பாலும் காரணம் வேறு. கேப் முனையில் முழுவதும் இறங்காமல் மேலே நின்றிருக்கும். முதல் அடியின் ஆற்றல் கேப்பைக் கீழே தள்ளுவதிலேயே செலவாகிவிடும், மருந்து நசுங்காது. இரண்டாவது அடிக்குள் கேப் இறங்கி உட்கார்ந்திருப்பதால் பற்றிக்கொள்ளும். முனைக்கு ஏற்ற அளவுள்ள கேப், மாட்டியபின் மரக்குச்சியால் ஒரு அழுத்து. இவ்வளவுதான் மருத்துவம். தொளதொளவென்று நிற்கும் கேப்பில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பக்கத்து அறை சுடும்போது அது கழன்று விழுந்தால் தீத்துளை திறந்து கிடக்கும். வெளியே பறக்கும் தீப்பொறி அதன் வழியே நுழைந்தால் குழலுக்கு நேரே இல்லாத அறையும் வெடித்துவிடும். தொடர்வெடி என்று இதைச் சொல்வார்கள். அது முன்வாசல் வழியாகவும் வரும். அதனால்தான் ஈயக்குண்டை அறையின் வாயைவிடக் கொஞ்சம் பெரிதாக வார்ப்பார்கள். குண்டை உள்ளே தள்ளுவதற்கென்று உள்ள நெம்புகோலால் அழுத்தும்போது அறையின் விளிம்பு ஈயத்தில் மெல்லிய வளையத்தைச் சீவித் தள்ளும். முழு வட்டமாக வளையம் விழுந்தால் குண்டு சந்தில்லாமல் அடைத்திருக்கிறது என்று பொருள். இங்கிலாந்தின் ராபர்ட் ஆடம்ஸ் 1851-இல் கொண்டுவந்த ரிவால்வரின் சட்டம் கோல்ட்டைவிட உறுதியானது. ஆனால் அதன் முதல் வடிவத்தில் இந்த அழுத்தும் நெம்புகோல் இல்லை. கையால் தள்ளும் குண்டு தளர்வாக நின்றது, சில சமயம் உருண்டு வெளியேயும் வந்தது. பின்னால் வந்த போமான்ட்–ஆடம்ஸ் மாடல்களில் நெம்புகோல் சேர்ந்த பிறகுதான் அந்தக் குறை தீர்ந்தது.

இனி கரி.

ஆண்ட்ரூ நோபிள், ஃபிரெடெரிக் ஏபெல் என்ற இருவர் 1870-களில் வெடிமருந்தை மூடிய எஃகுக் கலத்தில் எரித்து, என்ன மிஞ்சுகிறது என்று நிறுத்துப் பார்த்தார்கள். எடையில் பாதிக்கும் குறைவாகத்தான், சுமார் 43 சதவீதம், வாயுவாகிறது. மீதி 57 சதவீதம் திடப்பொருள். நேவி ரிவால்வரின் ஓர் அறைக்கு ஏறத்தாழ ஒன்றரை கிராம் மருந்து என்றால் ஆறு வேட்டுக்கு ஒன்பது கிராம். அதில் ஐந்து கிராமுக்கு மேல் எரியாத உப்பும் கரியுமாக வெளிவருகிறது. நாம் பார்க்கும் வெள்ளைப் புகையில் பெரும்பங்கு அதுதான். மிச்சம் துப்பாக்கியில் படிகிறது. பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சல்ஃபேட், பொட்டாசியம் சல்ஃபைடு ஆகிய மூன்றும் அதில் முக்கியமானவை. சல்ஃபைடு தண்ணீரோடு சேரும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு எழுகிறது. முட்டை வாடைக்குக் காரணம் அது. பிசுபிசுப்புக்குக் காரணம் கார்பனேட். காற்றின் ஈரப்பதம் சுமார் 43 சதவீதத்தைத் தாண்டினால் பொட்டாசியம் கார்பனேட் காற்றிலிருந்தே தண்ணீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கிவிடும். பங்குனி நண்பகலில் கரிசல் காட்டுக் காற்று அந்த எல்லையை ஒட்டியோ அதற்குக் கீழோ இறங்கிவிடும். பின்னிரவில் எல்லையைத் தாண்டிவிடும். பகலில் இறுகுவதும் விடியலில் கசிவதும் இந்த ஒரே உப்பின் வேலை.

ஈரமான ஊரில் கரி குழைவாக இருக்கும், சுழற்சியை அவ்வளவாகத் தடுக்காது; துருதான் பிரச்சினை. வானம் பார்த்த பூமியில் நிலைமை தலைகீழ். கோடைப் பகலில் சுட்டால் கரி உடனே காய்ந்து, உருளையின் முகத்திலும் அது சுழலும் அச்சிலும் கெட்டியாகப் படிகிறது. உருளைக்கும் குழலுக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளிதான் இருக்கும். மூன்று, நான்கு சுற்று நிரப்பிச் சுட்டபின் உருளையைக் கையால் திருக வேண்டிய நிலை வந்துவிடும். இங்கேதான் கோல்ட்டின் வடிவமைப்பு கைகொடுத்தது. அதன் அச்சு தடிமனானது, மேலே திருகுபோல் வரிப்பள்ளங்கள் வெட்டியது. அந்தப் பள்ளத்தில் கொழுப்பை அடைத்து வைத்தால் கரி வந்து படிந்தாலும் குழைந்தே கிடக்கும். மாட்டுவண்டி அச்சுக்கு வண்டிமை போடுகிறவருக்கு இந்தத் தத்துவத்தைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரெமிங்டன் ரிவால்வருக்கு மேல்பட்டையோடு கூடிய முழுச் சட்டம் இருந்தது, கேப் துணுக்கு அவ்வளவாகச் சிக்காது. ஆனால் அதன் அச்சு ஒல்லி, பள்ளமும் கிடையாது, கரியில் சீக்கிரம் இறுகும். இரண்டில் ஒன்றை வறண்ட நாட்டுக்குத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் கோல்ட்டின் அச்சைத்தான் தேர்ந்தெடுப்பேன். துணுக்குத் தொல்லையை முனையை மாற்றித் தீர்த்துக்கொள்ளலாம், ஒல்லி அச்சை அப்படி எளிதில் மாற்ற முடியாது.

கொழுப்பு என்றதும் 1857 நினைவுக்கு வராமல் இருக்காது. என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டாக் காகிதத்தில் கொழுப்பு தடவியது குழலில் கரி இறுகாமல் குண்டு இறங்க வேண்டும் என்பதற்காகத்தான். மாட்டுக் கொழுப்பா, பன்றிக் கொழுப்பா என்ற சந்தேகம் படைகளில் பரவிய பிறகு, 1857 ஜனவரி இறுதியில், தோட்டாக்களைக் கொழுப்பில்லாமல் கொடுத்து, சிப்பாய்கள் விரும்பியதைத் தாங்களே தடவிக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டார்கள். அதற்குள் நம்பிக்கை போய்விட்டது. வேதியியல் பார்வையில் அந்த உத்தரவில் குறையே இல்லை. தேன்மெழுகும் தாவர எண்ணெயும் கலந்தால் வேலை நன்றாகவே நடக்கும். நம் வெயிலுக்கு அதுதான் பொருத்தமும்கூட. மாட்டுக் கொழுப்பு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் உருகத் தொடங்கும். வெயிலில் கிடக்கும் இரும்பு அந்தச் சூட்டை எளிதில் தாண்டிவிடும். தேன்மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டும். கொழுப்பு உருகினால் ஒழுகிப் போவது மட்டுமல்ல, பின்னால் கசிந்து மருந்தையும் நனைத்துவிடும். மெழுகு கூடுதலாகச் சேர்ந்த கலவையில் தோய்த்த கம்பளி வட்டை மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வைக்கும் முறை இந்த இரண்டு தொல்லையையும் ஒருசேரக் குறைக்கிறது. பெட்ரோலிய எண்ணெயை இந்த வேலைக்கு விடக் கூடாது. வெடிமருந்துச் சூட்டில் அது கரியோடு சேர்ந்து தார்போல இறுகிவிடும்.

எண்ணெய் செய்யும் இன்னொரு துரோகமும் உண்டு. துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் தடவி உறையில் வைத்திருப்பார்கள். எடுத்து அப்படியே மருந்தை நிரப்பினால் தீத்துளைக்குள் தேங்கிய எண்ணெய் மருந்தின் அடிப்பகுதியை நனைத்துவிடும். கேப் வெடிக்கும், மருந்து பற்றாது. நிரப்புமுன் அறைகளை உலர்ந்த துணியால் துடைத்து, வெறும் கேப்பை மட்டும் ஒவ்வொரு முனையிலும் ஒருமுறை சுட்டு எண்ணெயை எரித்துவிடுவது வழக்கமானது இதனால்தான். கழுவுவதற்கு எண்ணெயைவிட வெந்நீரே மேல். கரியில் இருப்பவை உப்புகள், அவை தண்ணீரில்தான் கரையும். கொதிநீர் இரும்பைச் சூடாக்கிவிடுவதால் தானே காய்ந்தும் விடும். எண்ணெய் அதற்குப் பிறகு.

மருந்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், அதில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. வெடிமருந்தில் எடையில் முக்கால் பங்கு வெடியுப்பு, மிச்சம் மரக்கரியும் கந்தகமும். மருந்து நமுப்பதற்குக் கந்தகம் காரணமல்ல. சுத்தமான வெடியுப்பும்கூடக் காரணமல்ல. காற்றின் ஈரம் 92 சதவீதத்தைத் தாண்டினால்தான் பொட்டாசியம் நைட்ரேட் கசியும். குற்றம் கலப்பில் இருக்கிறது. சோடியம் நைட்ரேட் கலந்திருந்தால் 74 சதவீதத்திலேயே கசியும். மண்ணைக் கரைத்து எடுக்கும் கச்சா வெடியுப்பில் கால்சியம் நைட்ரேட் இருக்கும், அது 50 சதவீதத்தை ஒட்டியே தண்ணீர் குடிக்கத் தொடங்கிவிடும். மரச்சாம்பல் கரைசலைச் சேர்த்தால் சாம்பலின் பொட்டாசியம் கார்பனேட் கால்சியத்தைச் சுண்ணாம்பாக அடியில் தள்ளிவிட்டு, பொட்டாசியம் நைட்ரேட்டை மேலே விட்டுவைக்கும். வேதியியல் பாடப்புத்தகம் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே உப்புக் காய்ச்சியவர்கள் இதைச் செய்துகொண்டிருந்தார்கள். அந்த அறிவுக்கு வரலாற்றில் உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

கரி எந்த மரத்திலிருந்து வந்தது என்பதும் முக்கியம். திருச்சுழி, நரிக்குடி, கமுதிப் பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறார்கள். கெட்டியான கரி, அடுப்புக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் நன்றாக நின்று எரியும். ஆனால் வெடிமருந்துக்கு நின்று எரியும் கரி ஆகாது. லேசான, நுண்துளை நிறைந்த, சட்டென்று பற்றும் கரி வேண்டும். ஐரோப்பாவில் வில்லோ, ஆல்டர் மரங்களைத் தேடினார்கள். இந்தியாவில் துவரை மாரும் எருக்கும் அந்த வேலைக்குப் பயன்பட்டன. மெல்ல எரியும் கரியால் செய்த மருந்து அழுத்தத்தை மெல்ல எழுப்பும், எரியாத கரியை அதிகம் விட்டுவைக்கும், அந்த மிச்சம் அச்சில் வந்து படியும். நல்ல மருந்து என்றால் வேகம் மட்டும் கணக்கில்லை. எவ்வளவு அழுக்கை விட்டுச் செல்கிறது என்பதும் கணக்கு.

கேப்பின் மருந்துக்கும் நம் வெயில் ஆகாது. பாதரச ஃபல்மினேட் சூடான கிடங்கில் நாள்பட்டால் சிதைந்து வீரியம் இழக்கும். இதற்கு நெருங்கிய உறவு அருப்புக்கோட்டைக்கு மேற்கே சிவகாசியில் இன்றும் தயாராகிறது. தீபாவளிக்குக் குழந்தைகள் சுடும் பொட்டுக் கேப், சுருள் கேப் எல்லாம் பொட்டாசியம் குளோரேட்டும் சிவப்புப் பாஸ்பரஸும் சேர்ந்த, தட்டினால் வெடிக்கும் கலவைதான். தகரத் துப்பாக்கியில் நான்கு சுருள் சுட்டுவிட்டு அப்படியே பரணில் போட்டால், அடுத்த வாரம் குதிரையின் முகத்தில் செந்துரு பூத்திருக்கும். பாஸ்பரஸ் எரிந்து ஆகும் ஆக்சைடு காற்றின் ஈரத்தைக் குடித்துப் பாஸ்பாரிக் அமிலமாகிறது, குளோரேட் எரிந்து ஆகும் குளோரைடு துருவைத் தூண்டுகிறது. குளோரேட் கலந்த பழைய ராணுவக் கேப்புகளும் முனைகளை இப்படித்தான் அரித்துத் துளையைப் பெரிதாக்கின. குழந்தைகள் இந்தக் கேப்புகளைக் கல்லால் மொத்தமாக நசுக்கக் கூடாது, பெரியவர்கள் பிரித்து மருந்தைச் சேர்க்கவும் கூடாது. உரசலுக்கே பற்றும் கலவை இது, சிவகாசிப் பட்டறைகளில் எத்தனையோ உயிர்களைக் குடித்திருக்கிறது.

இத்தாலியின் பிரெஷா மாவட்டத்தில் இந்தப் பழைய ரிவால்வர்களின் நகல்களை 1950-களின் இறுதியிலிருந்து இன்றுவரை செய்கிறார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் அவை ஓடுகின்றன. தட்டை வில்லுக்குப் பதில் ஒடியாத கம்பி வில், நுண்துளை முனை, அச்சின் நுனி அதன் குழியில் சரியாக முட்டும்படி ஓர் உலோக வட்டு என்று சின்னச் சின்னத் திருத்தங்கள் செய்து நூறு வேட்டுவரை சிக்கலில்லாமல் சுடுகிறார்கள். இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் இவற்றைத் தொட முடியாது. நம் வாசகருக்கு இவை படிப்பதற்கும் அருங்காட்சியகத்தில் பார்ப்பதற்கும்தான்.

இத்தனை திருத்தங்களையும் ஒரே அடியில் தேவையற்றதாக்கியது பித்தளைத் தோட்டா. இதற்கேற்ற உருளைக்கு ரோலின் ஒயிட் 1855-இல் வாங்கிய காப்புரிமை 1869-இல் காலாவதியாகும்வரை அமெரிக்காவில் மற்ற நிறுவனங்களால் அந்த வழியில் போக முடியவில்லை. அதன்பின் எல்லாரும் அதற்கு மாறினார்கள். கேப் தோட்டாவின் அடியிலேயே பதிந்துவிட்டது, துணுக்கு விழ வழியில்லை. சுடும்போது பித்தளை விரிந்து அறைச்சுவரோடு ஒட்டிக்கொள்வதால் வாயு பின்னால் பாய முடியவில்லை, பக்கத்து அறைக்குத் தீ தாவவும் முடியவில்லை. கரி மட்டும் இன்னும் கொஞ்ச காலம் அடம்பிடித்தது. பிரான்சில் பால் வியெய் 1884-இல் புகையற்ற மருந்தைச் செய்தபிறகு அதுவும் ஒழிந்தது. புகையற்ற மருந்து எரிந்தால் ஏறக்குறைய முழுவதும் வாயுவாகிவிடும், அச்சில் படிய அதிகம் மிஞ்சாது. சுட்ட வாயுவின் அழுத்தத்தையும் பின்னுதைப்பையும் கொண்டே அடுத்த தோட்டாவை ஏற்றும் தானியங்கித் துப்பாக்கி அதன்பிறகுதான் கைக்கு அடக்கமாகச் சாத்தியமானது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டபோது வாஞ்சிநாதன் கையில் இருந்தது அந்த வகையைச் சேர்ந்த, பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங்.